61ஆவது யூனிட்டும் மீற்றர் பார்க்க வருபவரும்: பிரித்தானிய ஸ்மார்ட் மீற்றர் திட்டம் பற்றித் திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பிரித்தானியாவில், மின்சார, எரிவாயு வாசிப்பைத் தானாகவே கம்பனிக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீற்றரை வீட்டுக்கு வீடு பூட்டும் திட்டத்தோடு, அதை மக்களுக்கு விளங்கப்படுத்துவதற்கென்றே ஒரு தனி அமைப்பையும் உருவாக்கினார்கள். 2013இல் தொடங்கிய அதன் பெயர் ஸ்மார்ட் எனர்ஜி ஜிபி. மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் கம்பனிகள்தான் அதன் செலவைக் கொடுக்க வேண்டும். ஆனாலும் அது எந்தக் கம்பனிக்கும் விளம்பரம் செய்யாத, இலாப நோக்கற்ற அமைப்பு. வருமானம் குறைந்தவர்கள், முற்பணம் கட்டி மின்சாரம் எடுப்பவர்கள், வேறு தடைகள் உள்ளவர்கள் ஆகியோருக்கும் மீற்றரின் பயன் போய்ச் சேர உதவுவது அதன் கடமைகளில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது.

இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஒரு நாட்டு அரசாங்கம், "இயந்திரத்தைப் பூட்டிவிட்டால் போதாது, மனிதர்களிடம் பேச வேண்டும்" என்று முன்கூட்டியே நினைத்து அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்குவது அபூர்வம். அப்படியிருந்தும் அந்தத் திட்டம் தடுக்கி விழுந்தது. எங்கே விழுந்தது என்பதைத் திருகோணமலையில் இருப்பவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். மேற்குக் கரையோரத்தில் மின்சாரம் விநியோகிக்கும் லெகோ கம்பனி தன் பாவனையாளர்களுக்கு ஸ்மார்ட் மீற்றர் பூட்டிக்கொண்டிருக்கிறது. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளைக் கொண்ட மின்சார சபைப் பரப்பிலும் அந்தப் பேச்சு நடக்கிறது. நிலாவெளிக்கும் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் அது வந்து சேரும் நாளில் என்ன சொல்வார்கள், யார் வந்து சொல்வார்கள் என்பதுதான் என் கவலை.

பிரித்தானியாவில் நடந்தது

இலக்கு பெரியது. 2020 முடிவதற்குள் வீடுகளிலும் சிறு கடைகளிலுமாக ஏறத்தாழ 5 கோடி 30 இலட்சம் மீற்றர்களை மாற்றுவது. விரும்பாதவர் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் கம்பனிகள் எல்லோருக்கும் பூட்டுவதற்குத் தேவையான நியாயமான முயற்சி அனைத்தையும் எடுத்தே ஆக வேண்டும். இப்படி ஒரு பக்கம் கட்டாயமும் மறுபக்கம் விருப்பமுமாக இருந்ததால்தான் பிரசாரத்தின் தேவை அவ்வளவு அதிகமாக இருந்தது.

2014இல் முதல் பெரிய விளம்பரம் வந்தது. காஸ், லெக்கி என்று இரண்டு கார்ட்டூன் பாத்திரங்கள்: ஒன்று எரிவாயு, மற்றது மின்சாரம். இரண்டும் வீட்டுக்குள் அடங்காமல் ஓடித் திரியும். ஸ்மார்ட் மீற்றர் வந்தால் அடங்கும். பின்னர் 2021இல் ஐன்ஸ்டைனின் உருவத்தை வைத்து இன்னொரு தொடர் வந்தது. விளம்பரங்களோடு நிற்காமல், ஊர் மட்டத் தொண்டு அமைப்புகளுக்குச் சிறு நிதி கொடுத்து, முதியவர்களிடமும் ஆங்கிலம் சரளமில்லாதவர்களிடமும் அவர்கள் மூலமாகப் பேசவும் ஏற்பாடு செய்தார்கள். இதுவே அந்தப் பிரசாரத்தின் சிறந்த பகுதி என்பது என் கணிப்பு. தொலைக்காட்சி ஒரு பொருளின் பெயரைத்தான் பரப்பும். சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு, கேட்டவுடன் பதில் சொல்லக்கூடிய ஒருவர் எதிரில் இருக்க வேண்டும்.

மீற்றரோடு ஒரு சிறிய திரையும் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அதைச் சமையலறை மேசையிலே வைக்கலாம். இப்போது எவ்வளவு ஓடுகிறது, இன்று எவ்வளவு காசு போயிருக்கிறது என்று அது காட்டும். பாவனை குறைவென்றால் பச்சை, கூடினால் சிவப்பு. 2015இல் அரசாங்கம் வெளியிட்ட ஆரம்ப ஆய்வின்படி, ஸ்மார்ட் மீற்றர் பூட்டிய வீடுகளில் மின்சாரப் பாவனை சராசரியாக 2.2% குறைந்தது, எரிவாயு 1.5%. பூட்ட வந்தவர் வீட்டாருக்கு எவ்வளவு பொறுமையாக விளங்கப்படுத்தினார் என்பதைப் பொறுத்துப் பலன் கூடிக் குறைந்தது என்பதும் அதே ஆய்வு காட்டிய விடயம். 2.2% என்பது சின்ன எண். "பில் பாதியாகும்" என்று யாராவது சொல்லிக்கொண்டு படலைக்கு வந்தால், இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்த இடம் வேறு. முதலில் பூட்டப்பட்ட தலைமுறை மீற்றர்கள், வீட்டுக்காரர் ஒரு கம்பனியை விட்டு இன்னொரு கம்பனிக்கு மாறியதும் பெரும்பாலும் ஊமையாகிவிட்டன. தானாக வாசிப்பு அனுப்பாது. திரையில் காசு காட்டாது. மலிவான கம்பனிக்கு மாறுங்கள் என்று ஒரு பக்கம் அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. மாறியவர்களின் மீற்றர் வேலை செய்யவில்லை. 2018 நவம்பரில் பிரித்தானியத் தேசிய கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, 2020 இலக்கு எட்டப்படாது என்றும் 11 பில்லியன் பவுண் என்று மதிப்பிட்ட செலவு குறைந்தது அரை பில்லியனால் கூடும் என்றும் சொன்னது. இலக்கு பின்னர் தள்ளிப்போடப்பட்டது. 2023 மார்ச் முடிவில் நாட்டின் மீற்றர்களில் 57%தான் ஸ்மார்ட் மீற்றர்கள். அவற்றிலும் ஏறத்தாழ 30 இலட்சம் சரியாக இயங்கவில்லை என்று அதே அலுவலகம் 2023 யூனில் எழுதியது.

வேலை செய்யாத ஒரு மீற்றர் உள்ள வீட்டில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "உங்களுக்குப் பூட்டினார்களே, எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். அங்கே கிடைக்கும் பதில்தான் அந்தத் தெரு முழுவதும் போகும். எத்தனை கோடி செலவழித்து எடுத்த விளம்பரமும் அந்தப் பதிலுக்கு முன் நிற்காது.

இரண்டாவது அடி 2022–23 குளிர்காலத்தில் விழுந்தது. எரிபொருள் விலை வானத்துக்குப் போன காலம். கட்டணம் கட்ட முடியாமல் நிலுவை வைத்த வீடுகளை முற்பணம் கட்டும் முறைக்குக் கம்பனிகள் மாற்றின. பழைய மீற்றர் என்றால் நீதிமன்ற உத்தரவோடு ஆள் வீட்டுக்குள் வர வேண்டும். ஸ்மார்ட் மீற்றர் என்றால் அலுவலகத்தில் இருந்தபடியே மாற்றிவிடலாம். பலவீனமான குடும்பங்களின் வீடுகளுக்குள் வலுக்கட்டாயமாக நுழைந்து மீற்றர் மாற்றிய செய்தி 2023 பெப்ரவரியில் வெளிவந்ததும் நாடே கொதித்தது. வீட்டாரின் சம்மதமில்லாமல் முற்பண மீற்றர் பூட்டுவதை நிறுத்திவைக்கும்படி ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஓஃப்ஜெம் கம்பனிகளைக் கேட்டது. ஏறத்தாழ ஒன்பது வருடமாகக் கார்ட்டூனும் ஐன்ஸ்டைனும் சேர்த்து வளர்த்த நல்லெண்ணம் இந்த ஒரு குளிர்காலத்தில் கரைந்தது. "இது உங்களுக்கு உதவும் கருவி" என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பொருளை, ஏழை வீட்டின் கரண்டைத் தூரத்திலிருந்து நிறுத்தவும் பாவிக்க முடியும் என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள்.

தரவு விடயத்தில் பிரித்தானியா ஒழுங்காக நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பில் போடுவதற்கு மாதத்துக்கு ஒரு வாசிப்பு போதும். அதற்கு மேல் நாளுக்கு ஒரு வாசிப்பு எடுப்பதை வீட்டுக்காரர் மறுக்கலாம். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுப்பதானால் வெளிப்படையாகக் கேட்டுச் சம்மதம் பெற வேண்டும் என்று வகுத்தார்கள். இந்த மூன்று படியும் எளிமையானது. ஒரு துண்டுத்தாளின் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கக்கூடியது.

வேறு ஊர்கள்

நெதர்லாந்தில் மீற்றரைக் கட்டாயமாக்கும் சட்டமூலத்தை 2009இல் மேல்சபை ஏற்கவில்லை. வீட்டில் எப்போது ஆள் இருக்கிறது, எப்போது உறங்குகிறார்கள் என்பதைக் காட்டும் தரவு தனிவாழ்வுக்குள் கைவைக்கிறது என்று நுகர்வோர் சங்கம் கேட்டுப் பெற்ற பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. 2011இல் விருப்பத்துக்கு விடப்பட்ட முறையாகச் சட்டம் திரும்பி வந்தது. மீற்றரைப் பூட்டிவிட்டு, தானியங்கி வாசிப்பை மட்டும் நிறுத்தி வைக்கும்படி கேட்கவும் வழி வைத்தார்கள்.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 28 இலட்சம் மீற்றர்கள் கட்டாயமாகப் பூட்டப்பட்டன. பயன் வருவதற்கு முன்பே செலவு பில்லில் ஏறியது. நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணம் ஏழைகளைப் பாதிக்கும் என்ற பயத்தில் 2010 மார்ச்சில் அதை நிறுத்தி வைத்தார்கள். மீற்றர் மட்டும் தொடர்ந்து பூட்டப்பட்டது. மக்கள் செலுத்திய தொகை 2.2 பில்லியன் டொலருக்கு மேல் போனதையும், கிடைக்கும் பயன் அந்தச் செலவை ஈடுசெய்யாது என்பதையும் 2015இல் மாநிலக் கணக்காய்வாளர் நாயகம் காட்டினார்.

எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றுவது கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட். 2009 கோடையில் கடும் வெயில். அதே வேளையில் கட்டண உயர்வு. அதே வேளையில் புது மீற்றர். பில் திடீரென ஏறியது. மக்கள் மீற்றரைக் குற்றம் சொன்னார்கள், வழக்குப் போட்டார்கள். மாநில ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சுயாதீன பரிசோதனை செய்வித்தது. 2010 செப்டெம்பரில் வந்த முடிவு: மீற்றர்கள் சரியாகத்தான் அளக்கின்றன, கம்பனி மக்களோடு பேசியதும் முறைப்பாடுகளைக் கையாண்டதும்தான் சரியில்லை. அப்போது அந்த முடிவை யார் நம்புவார்கள்? ஒரு வருடம் கடந்துவிட்டது.

இந்தியாவில் குஜராத்தின் வடோதராவில் 2024 மே மாதம் முற்பண ஸ்மார்ட் மீற்றருக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தார்கள். பிறகுதான் சரிபார்ப்பதற்காகப் புது மீற்றரோடு பழையதையும் சேர்த்து வைக்கலாம் என்று அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். அதை முதல் நாளிலேயே செய்திருந்தால் வீதிப் போராட்டம் தேவைப்பட்டிராது.

இத்தாலி மட்டும் விதிவிலக்கு. 2001 முதல் 2006 வரையான காலத்தில் எனல் நிறுவனம் ஏறத்தாழ 3 கோடி மீற்றர்களை மாற்றிவிட்டது. பெரிய எதிர்ப்பு எழவில்லை. மின்கம்பியும் மீற்றரும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததும் அதற்குக் காரணம். கம்பனி மாறுவது, மீற்றர் ஊமையாவது என்ற பிரித்தானியச் சிக்கல் அங்கே எழவில்லை. இந்த ஒரு விடயத்தில் நாங்களும் இத்தாலியைப் போலத்தான். 2024 இன் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025 திருத்தமும் மின்சார சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரித்தாலும், பாலையூற்றில் இருக்கும் ஒரு வீட்டுக்குக் கரண்ட் தருவது ஒரே நிறுவனம்தான். அதனால் அவர்களுடைய தொழில்நுட்பத் தோல்வி எங்களுக்கு அப்படியே வராது. நம்பிக்கைத் தோல்வி வரலாம்.

திருகோணமலையில் 60 யூனிட்

பிரித்தானிய வீட்டுக்காரருக்கு அந்தத் திரை ஒரு வசதி. எங்கள் வீட்டுக்காரருக்கு அது அதைவிடப் பெரிய விடயம். காரணம் எங்கள் கட்டண முறை.

இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதத்துக்கு 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு அட்டவணை. 60ஐத் தாண்டினால் 61ஆவது யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; முதல் 60 யூனிட்டும் வேறொரு கூடிய விலைக்கு மாறுகின்றன, நிலையான கட்டணமும் ஏறுகிறது. பிறகு 90, 120, 180 என்று அடுத்தடுத்த படிகள். இதற்கு மேல் நாள் கணக்கு இருக்கிறது. மீற்றர் வாசிப்பு 30 நாளில் நடக்காமல் 33 நாளில் நடந்தால் அந்த 60 எல்லை 66 ஆகும். இந்தக் கணக்கு பில்லில் இருக்கிறது. ஆனால் அதை வாசித்து விளங்கிக்கொள்கிறவர்கள் குறைவு. "அவர் மூன்று நாள் பிந்தி வந்தார், அதனால்தான் பில் கூடியது" என்ற குற்றச்சாட்டை அன்புவழிபுரத்திலும் கேட்கலாம், முள்ளிப்பொத்தானையிலும் கேட்கலாம். பெரும்பாலும் அது பிழையான குற்றச்சாட்டு. ஆனால் அதைத் திருத்திச் சொல்ல யாரும் வருவதில்லை.

இப்போது ஒரு வீட்டில் 20ஆம் நாள் 47 யூனிட் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதே வேகத்தில் போனால் 30ஆம் நாள் 70ஐத் தாண்டும். அது 20ஆம் நாளே அந்த அம்மாவுக்குத் தெரிந்தால், மிச்சப் பத்து நாளும் தண்ணி மோட்டரை எப்படி ஓட்டுவது, பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளை நாளுக்கு ஒன்றாக அயன் பண்ணாமல் ஒரே தடவையில் அயன் பண்ணுவதா என்றெல்லாம் அவர் தீர்மானிக்கலாம். 30ஆம் நாள் தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, காசு கட்டுவதைத் தவிர. பிரித்தானியாவின் 2.2% இங்கே ஒரு குடும்பத்தைப் படியின் கீழ்ப் பக்கத்தில் நிறுத்தப் போதுமானதாக இருக்கலாம். 61 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு அந்த ஒரு யூனிட்தான் பெரிய காசு.

ஆகவே திருகோணமலையில் இந்த மீற்றரை அறிமுகப்படுத்துகிறவர்கள் "நவீனம்", "டிஜிட்டல்", "நாட்டின் எதிர்காலம்" என்றெல்லாம் தொடங்கத் தேவையில்லை. "நீங்கள் 60ஐத் தாண்டப்போகிறீர்கள் என்று பத்து நாளுக்கு முன்பே உங்கள் போனுக்குச் சொல்வோம்" என்ற ஒரே ஒரு வாக்குறுதி போதும். தமிழில், எஸ்எம்எஸ் ஆக; எல்லோரிடமும் ஸ்மார்ட் போன் இல்லை. அந்த வாக்குறுதியை முதல் மாதத்திலேயே நிறைவேற்ற வேண்டும். 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது, அது இல்லாமல் எரிபொருள் கிடைக்காது என்பதோடு பயனும் விரைவாகத் தெரிந்தது. சில வாரங்களிலேயே வரிசை குறைந்தது, அதனால் மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். நாட்டளாவிய ஒரு புது முறையை எங்கள் மக்கள் எப்படி ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இதில் இன்னொரு விடயம். இந்த வேலையைத் தொடங்குவதற்குப் புது மீற்றர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போது சுவரில் இருக்கும் மீற்றரிலும் எண் தெரிகிறது. பில் வந்த நாளிலிருந்து பத்தாம் நாள், இருபதாம் நாள் அந்த எண்ணைப் போனில் படம் பிடித்து, பில்லில் உள்ள எண்ணைக் கழித்தால் எத்தனை யூனிட் ஓடியது என்று தெரியும். மாதர் சங்கக் கூட்டங்களில் இதை ஒரு மணித்தியாலத்தில் பழக்கலாம். ஆறு மாதம் இப்படிக் கணக்குப் பார்த்துப் பழகிய ஒரு பெண்ணிடம் ஸ்மார்ட் மீற்றர் போனால், அது என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. புது மீற்றர் பிழையாக ஓடினால் அதையும் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

மீற்றர் பார்க்க வருபவர்

மின்சார சபையிலிருந்து ஒரு சராசரி வீட்டுக்கு வருகிற ஒரே முகம் மீற்றர் வாசிப்பாளருடையது. மாதத்துக்கு ஒரு தடவை நாயை அதட்டிவிட்டு உள்ளே வருவார். கேள்வியெல்லாம் அவரிடம்தான்.

"தம்பி, இந்த முறை எத்தனை யூனிட்?"

"அறுபத்தி நாலு அக்கா."

"போன மாசம் ஐம்பத்தி எட்டுத்தானே? என்ன, பிழையா ஓடுதா?"

"இல்லை அக்கா, கச்சான் காத்து தொடங்கினாப் பிறகு எல்லா வீட்டிலயும் ஃபேன் ஓடுது."

இந்த நான்கு வரிப் பேச்சுக்குள் ஒரு முறைப்பாடு தீர்ந்துவிட்டது. ஸ்மார்ட் மீற்றர் வந்தால் வாசிப்பு தானாகப் போகும். அவர் வரத் தேவையில்லை. கணக்குப் புத்தகத்தில் அது சேமிப்பு. ஸ்மார்ட் மீற்றர் திட்டங்களின் பொருளாதாரக் கணக்கில் வாசிப்புச் செலவு குறைவதைப் பல நாடுகள் பெரிய பயனாகக் காட்டுகின்றன. இந்த மாவட்டத்துக்கு அந்தச் சேமிப்பு மிகவும் விலை கூடியதாக முடியும் என்று நான் பயப்படுகிறேன். அந்த முகம் போன பிறகு எஞ்சுவது ஒரு தொலைபேசி இலக்கம். 1987க்கு எடுத்து, மொழியைத் தெரிவு செய்து, வரிசையில் நின்று கேட்க வேண்டும். ஈச்சிலம்பற்றில் ஒரு முதியவர் அதைச் செய்யமாட்டார். அவர் பக்கத்துக் கடையில் கேட்பார்; கடைக்காரர் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார்.

வாசிப்பாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாமல், புது மீற்றர் வந்த முதல் ஒரு வருடத்துக்கு அதே தெருக்களில், அதே வீடுகளுக்கு, விளங்கப்படுத்துகிறவர்களாக அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூட்டிய நாளில் ஒரு தடவை, முதல் பில் வந்த பிறகு ஒரு தடவை, மூன்றாம் பில்லுக்குப் பிறகு ஒரு தடவை. பிரித்தானியா தன் ஊர் மட்டத் தொண்டு அமைப்புகளுக்கு நிதி கொடுத்துத் தேட வேண்டியிருந்த ஆளை நாங்கள் ஏற்கனவே சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறோம். ஊரும் அவருக்குத் தெரியும், ஊருக்கும் அவரைத் தெரியும். அவருடைய வேலை பறிபோகப்போகிறது என்று அவர் நினைத்தால், படலையில் நின்று அவர் சொல்லும் ஒரு சொல்லே அந்தத் தெருவில் திட்டத்தை முடித்துவிடும். அவரைச் சேர்த்துக்கொள்வது இரக்கத்துக்காக மட்டும் இல்லை.

அவரோடு யார் யார் பேச வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். கிண்ணியாவிலும் மூதூரிலும் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்தின் அனுமதியோடு பத்து நிமிடம் பேசுவது, எந்தத் துண்டுப்பிரசுரத்தையும் விட நல்லது. திருக்கடலூரில் மீனவர் சங்கம். தம்பலகாமத்தில் கமக்காரர் அமைப்பு. நகரத்தில் கோயில் பரிபாலன சபைகளும் பாடசாலைப் பெற்றார் கூட்டங்களும். உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தலைதூக்க நேரமிருக்காது. அவர்களுக்கு ஏசியும் நேரக் கட்டணமும்தான் கேள்வி, அதனால் தனியாகப் பேச வேண்டும். மூன்று மொழியும் பேசப்படும் மாவட்டம் இது. கொழும்பில் எழுதி மொழிபெயர்த்து அனுப்பிய ஒரே தாளை எல்லா இடத்துக்கும் கொடுப்பது, கொடுக்காமல் விடுவதற்குச் சமம்.

வெளியே சொல்லாத கேள்விகள்

நெதர்லாந்துக்காரர்கள் பாராளுமன்றத்தில் எழுப்பிய கேள்வி இங்கே வீட்டுக்குள்ளேயே எழும், ஆனால் கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்கமாட்டார்கள். யுத்த காலத்தில் வீட்டில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொலிஸில் பதிந்து வைத்திருந்த குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. எந்த நேரம் விளக்கு எரிந்தது, எந்த இரவு வீட்டில் கூடுதல் ஆட்கள் இருந்தார்கள் என்பதைக் காட்டக்கூடிய ஒரு கருவியைச் சுவரில் பூட்டும்போது, "உங்கள் தரவு பாதுகாப்பானது" என்ற ஒரு வரி போதாது. எத்தனை மணிக்கு ஒரு தடவை வாசிப்பு எடுக்கப்படும், யார் பார்க்கலாம், பொலிஸ் கேட்டால் எந்த உத்தரவின் பேரில் கொடுக்கப்படும், எத்தனை மாதத்தில் அழிக்கப்படும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். 2022 இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு அடித்தளம் தருகிறது. பிரித்தானியாவின் மூன்று படி முறையை அதன் மேல் அப்படியே வைக்கலாம்: மாத வாசிப்பு பில்லுக்கு; அதற்கு மேல் எடுப்பதானால் வீட்டாரைக் கேட்டு.

இன்னொரு கேள்வி, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும நிவாரணம் பற்றியது. "கூட கரண்ட் பாவிக்கிறம் எண்டு காட்டினா காசை வெட்டுவாங்களா?" இதற்கு ஆம், இல்லை என்று நேராகப் பதில் சொல்லக்கூடிய அதிகாரி அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். மழுப்பினால் அந்தக் கிராமத்தில் பாதி வீடுகள் கதவைத் திறக்காது.

தூரத்திலிருந்து கரண்டை நிறுத்துவதைப் பற்றியும் முன்கூட்டியே பேச வேண்டும். இப்போது நிலுவை இருந்தால் சிவப்பு அறிவித்தல் வரும், பிறகு ஆள் வரும். வந்தவரிடம் "வெள்ளிக்கிழமை வரை பொறுங்கோ, கடலுக்குப் போனவர் வந்திடுவார்" என்று கேட்க முடிகிறது. சில வேளை அவர் பொறுப்பார். பொத்தானை அழுத்தி நிறுத்தும் முறையில் கேட்பதற்கு ஆள் இல்லை. மருந்து குளிரூட்ட வேண்டிய வீடு, ஒட்சிசன் இயந்திரம் ஓடும் வீடு, கைக்குழந்தை உள்ள வீடு எவை என்று முதலில் பதிந்துகொண்டு, அந்த வீடுகளைத் தூரத்திலிருந்து நிறுத்தவே முடியாதபடி வைக்க வேண்டும். மற்ற வீடுகளுக்கும், நிறுத்துவதற்கு முன் ஒரு மனிதர் நேரில் போயே ஆக வேண்டும் என்ற விதியை, மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முதல் மீற்றர் பூட்டப்படுவதற்கு முன்பே கொண்டுவர வேண்டும். பிரித்தானியா இப்படியான பாதுகாப்பு விதிகளை விவகாரம் வெடித்த பிறகுதான் கொண்டுவந்தது.

சம்பூர் மக்களிடம் இந்தத் திட்டத்தோடு போகிறவர்கள் இன்னும் நிதானமாகப் போக வேண்டும். 2006இல் இடம்பெயர்ந்தவர்கள் உயர் பாதுகாப்பு வலயம், நிலக்கரி மின்நிலையம் என்ற பெயர்களில் பல வருடம் ஊருக்கு வெளியே நின்றார்கள். நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மின்சாரம் என்ற சொல் அங்கே முதலில் நினைவூட்டுவது வெளிச்சத்தை அல்ல.

யாருக்குப் பயன், யார் செலவு

ஸ்மார்ட் மீற்றர் மின் வலையமைப்புக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது, அதை மறைக்கவும் கூடாது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருந்தபோது, பகல் வேளையில் கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்க வேண்டியிருந்தது. எந்தக் கூரையிலிருந்து எவ்வளவு வருகிறது என்பதை உடனுக்குடன் பார்க்க முடிந்தால் அப்படி எல்லோரிடமும் பொதுவாகக் கேட்கத் தேவையில்லை. கம்பி அறுந்தால் யாரும் போன் எடுக்காமலே தெரியும். மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரச் சுமையைக் குறைக்கலாம். இவை பெரும்பாலும் சபைக்கான பயன்கள். ஆகவே மீற்றரின் விலையைப் பாவனையாளரின் பில்லில் ஏற்றுவதானால், விக்டோரியாவில் நடந்ததைப் போலப் பயனுக்கு முன்பே செலவு ஏறக்கூடாது. இதைக் கட்டணத் திருத்தத்துக்கான பொதுக் கருத்துக் கேட்பில் திருகோணமலைக்காரர்கள் எழுத்தில் கேட்க வேண்டும்.

நேரக் கட்டணம் பற்றி ஒரு சொல். மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) இணைப்பு உள்ள வீடுகளுக்கு விருப்பத்தின் பேரில் அது ஏற்கனவே இருக்கிறது: இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை உச்ச நேரம் விலை கூட. ஸ்மார்ட் மீற்றர் வந்தால் எல்லோருக்கும் அதை நீட்டலாம். ரமழானில் விடியமுன் சஹர் உணவுக்கு எழும்பும் வீட்டின் சமையல் பெரும்பாலும் மலிவு நேரத்துக்குள் விழும். நோன்பு திறக்கும் இஃப்தாருக்குப் பிறகான வேளையும் தராவீஹ் தொழுகையும் உச்ச நேரத்தில் விழும். தண்ணி மோட்டரை விடியற்காலைக்கு மாற்றலாம், குளிர்சாதனப் பெட்டியை மாற்ற முடியாது. எந்த வீட்டுக்கு இலாபம், எந்த வீட்டுக்கு நட்டம் என்பதை ஒரு வருடம் சொந்த வாசிப்பைப் பார்த்த பிறகு அந்த வீட்டாரே தீர்மானிக்கட்டும்.

எப்போது, எப்படித் தொடங்குவது

முதலில் இரண்டு மூன்று கிராம சேவகர் பிரிவுகள் போதும். ஒவ்வொன்றிலும் சில வீடுகளில் பழைய மீற்றரையும் புதியதையும் பக்கத்தில் பக்கமாக மூன்று மாதம் ஓட விட்டு, இரண்டின் வாசிப்பையும் கிராம சேவகர் அலுவலக அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். எந்த வீடுகள் என்பதை ஊரே தெரிவு செய்யட்டும். சந்தேகப்படுகிறவரின் வீடு அதில் கட்டாயம் இருக்க வேண்டும். உப்புக்காற்று அடிக்கும் சல்லி, சாம்பல்தீவு போன்ற கரையோரத்தில் ஒன்றையும், சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் ஒன்றையும் சேர்த்தால், மீற்றர் பெட்டி துருப்பிடிக்கிறதா, வாசிப்பு போய்ச் சேருகிறதா என்பதும் அந்த மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

பேக்கர்ஸ்ஃபீல்ட் சொல்லித்தந்த விடயம் மாதத் தெரிவு. இந்த நாட்டில் 2022 ஓகஸ்டில் கட்டணம் 75% கூடியது. 2023 பெப்ரவரியில் 66% கூடியது. அந்த மாதங்களில் ஒரு வீட்டில் புது மீற்றர் பூட்டியிருந்தால், அந்தக் குடும்பம் சாகும்வரை மீற்றரைத்தான் குற்றம் சொல்லியிருக்கும். ஆகவே கட்டணத் திருத்தம் வரும் மாதத்திலும் அதற்கு அடுத்த மாதத்திலும் ஒரு மீற்றரும் மாற்றக்கூடாது. கச்சான் காற்று வீசும் யூலை, ஓகஸ்டிலும் கூடாது. ஃபேனால் தானாகவே பில் ஏறும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் வெள்ளமும். கிண்ணியாவிலும் மூதூரிலும் ரமழான் மாதம் போக, 2027இல் அது பெப்ரவரியில் தொடங்குவதால், பெருநாள் முடிந்து மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிவு வரைதான் நல்ல காலம். அந்த ஆறேழு வாரங்களுக்குள் முடியக்கூடிய எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் மூன்று பில்லிலும் போன வருடம் அதே மாதம் ஓடிய யூனிட்டைப் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.